பழைய அலுமினியப் படகில் தண்ணீர் ஏறுகிறது: ரிவிட் அடிப்பதா, வெல்டிங் வைப்பதா?

கலங்கிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சூளூர்பேட்டைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இறால் பண்ணையை மூடிவிட்டுப் போன ஒருவரிடம் பழைய அலுமினியப் படகு ஒன்று வாங்கியிருக்கிறேன். 12 அடி நீளம், 4 அடி அகலம், தட்டையான அடி, முழுக்க ரிவிட் அடித்துச் செய்தது. தகடு 1.6 மி.மீ. எந்தக் கம்பெனி என்று எங்கும் குறி இல்லை.

தடாவுக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரியில் நண்டு வலை விடும் என் மாமாவுக்காக வாங்கியது. அவருக்கு வயதாகிவிட்டது, கனமான படகைச் சேற்றில் தள்ள முடியவில்லை. இதை இரண்டு பேர் சுலபமாகத் தூக்கலாம்.

பிரச்சினை இதுதான்: தண்ணீரில் இறக்கி அரை மணி நேரத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறிவிடுகிறது. முன்பு வைத்திருந்தவர் அடியில் தார் பூசி, ஆங்காங்கே எம்-சீல் அப்பியிருக்கிறார். வெல்டிங் வைத்தால் தீருமா, அல்லது ரிவிட்டை மாற்ற வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நெய்யாற்றுக்காரன் எழுதியது:

நண்பரே, நான் பாறசாலைப் பக்கம். பூவார், பொழியூர் எங்கு போனாலும் ஃபைபர் படகுதான். ஓட்டை விழுந்தால் கண்ணாடி இழைப் பாயும் ரெசினும் வைத்து ஒரே நாளில் அடைத்துவிடலாம். உப்புத்தண்ணீரில் அலுமினியத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். எடைக்குப் போட்டுவிட்டு ஃபைபர் வாங்குங்கள்.

கும்மிடிப்பூண்டி பட்டறை எழுதியது:

எடைக்குப் போடச் சொல்வது சுலபம். 1.6 மி.மீ. தகட்டில் நல்ல நிலையில் இருக்கும் படகு என்றால் இன்னும் பல வருடம் ஓடும். தம்பி, வெல்டிங்கா ரிவிட்டா என்ற கேள்வியே இப்போது வேண்டாம். தண்ணீர் எங்கே வருகிறது, ஏன் வருகிறது என்று முதலில் பாருங்கள். காரணம் தெரியாமல் அடைத்தால் அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த ஓட்டை விழும்.

தாரையும் எம்-சீலையும் முழுக்க எடுங்கள். மரக்கட்டையோ கெட்டியான பிளாஸ்டிக்கோ வைத்துச் சுரண்டுங்கள், மீதியை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடையுங்கள். கிரைண்டர் வேண்டவே வேண்டாம். இரும்பு அறுத்த டிஸ்க்கை அலுமினியத்தில் வைத்தால் இரும்புத் தூள் தகட்டுக்குள் பதிந்து, அந்த இடமெல்லாம் பின்னால் பொத்துக்கொள்ளும்.

அப்புறம் படகை மணல் மூட்டைகள் மேல் சமமாக வையுங்கள். உள்ளே தண்ணீர் ஊற்றுங்கள். வெளியே எங்கே கசிகிறதோ அங்கே மார்க்கரால் வட்டம் போடுங்கள். 4 அங்குலத்துக்கு மேல் ஊற்றாதீர்கள். உங்கள் படகின் தரை அளவுக்கு 4 அங்குலத் தண்ணீரே சுமார் 450 கிலோ வரும். இரண்டு ஸ்டூல் மேல் வைத்து ஊற்றினால் ஏராவே (அடியில் நீளமாக ஓடும் முதுகெலும்பு) வளைந்துவிடும்.

இருட்டிய பிறகு தண்ணீரை வடித்துவிட்டு, அடியில் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஊசி முனை ஓட்டைகள் நட்சத்திரமாகத் தெரியும். அதையும் குறியுங்கள்.

சிப்பித்திட்டு எழுதியது:

பட்டறை அண்ணன் சொன்னது சரி. ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை, வெளியூர்க்காரர்களுக்காக. நான் பழவேற்காடு.

பழவேற்காடு ஏரியில் பெரும்பகுதி ஆந்திராவுக்குள் இருக்கிறது. ஆழம் சராசரியாக ஒரு மீட்டர்தான். தட்டையடிப் படகு இதற்குப் பொருத்தம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இங்கே தண்ணீர் ஒரே மாதிரி இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் தெற்கே ஆரணி ஆறும் வடக்கே காலங்கியும் வெள்ளம் கொண்டுவரும்போது பல இடத்தில் கிட்டத்தட்ட நல்ல தண்ணீராகிவிடும். கோடையில் முகத்துவாரம் மண் மூடிக்கொண்டால் வடக்குப் பக்கம் தண்ணீர் வற்றி, கடலைவிட உப்பு ஏறிவிடும். சேறு காய்ந்து வெள்ளையாக உப்புப் பூத்து நிற்கும். தடாப் பக்கம் அதைக் கலங்கிக்கரைத் தம்பியும் பார்த்திருப்பார்.

இன்னொன்று செத்த சிப்பி. அடியில் கிடக்கும் சிப்பி ஓடு கத்தி போல வெட்டும். படகை இழுத்து இழுத்து அடியில் இருக்கும் ரிவிட் தலைகள் தேய்ந்து போயிருக்கும். கையால் தடவிப் பாருங்கள்.

கலங்கிக்கரை எழுதியது:

அண்ணன்கள் இருவருக்கும் நன்றி. சொன்னபடியே செய்து பார்த்தோம். படங்கள் இணைத்திருக்கிறேன். பார்த்தது இவ்வளவு:

வலது பக்கம், தரைத்தகடும் பக்கத்தகடும் சேரும் மூலையில் ரிவிட் வரிசை நெடுகக் கசிகிறது. சொட்டுச் சொட்டாகத்தான். சிப்பித்திட்டு அண்ணன் சொன்ன மாதிரி தலைகள் தேய்ந்து மழுங்கியிருக்கின்றன.

ஆனால் பெரிய கசிவு அங்கே இல்லை. நடுத்தரையில், இரண்டு வங்குகளுக்கு (குறுக்கே ஓடும் விலாச் சட்டங்கள்) நடுவே, 2 அடிக்கு ஒன்றரை அடி இடத்தில் டார்ச் வெளிச்சம் ஊசி ஊசியாகத் தெரிகிறது. அந்த இடம் முழுக்க வெள்ளை மாவு படிந்திருக்கிறது. விரலால் தேய்த்தால் கீழே குழி குழியாக, அம்மைத் தழும்பு மாதிரி இருக்கிறது. வேறெங்கும் தரை இவ்வளவு மோசமில்லை.

பின்பக்கம், அமரத்தில் தண்ணீர் வடிய வைத்திருக்கும் குழாய் பித்தளை. அதைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குத் தகடு அரித்துவிட்டது. எஞ்சின் மாட்டும் பலகை ஊறி உப்பியிருக்கிறது. பலகையைத் தாங்கும் அலுமினிய பிராக்கெட்டில் ஒரு விரிசல். முன் இருக்கைக்கு அடியில் சேற்றோடு சேர்ந்து வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகள் ஒரு கைப்பிடி கிடந்தன. அவற்றின் அடியிலும் வெள்ளை மாவு.

பித்தளைக்கும் ஈயத்துக்கும் காரணம் புரிகிறது. நடுத்தரை ஏன் இப்படி ஆனது?

கூடூர் பண்ணை எழுதியது:

அதற்கு நான் பதில் சொல்கிறேன். கூடூர்ப் பக்கம் இறால் பண்ணைகளில் வேலை பார்ப்பவன். உங்கள் படகு என்ன சுமந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்: சுண்ணாம்பு.

குளத்தைத் தயார் செய்யும்போது சுண்ணாம்பு தூவுவோம், பிளீச்சிங் பவுடர் போடுவோம். வளர்ப்பு நடக்கும்போதும் மழை பெய்து தண்ணீரின் காரத்தன்மை இறங்கினால் படகில் மூட்டையை ஏற்றிக்கொண்டு போய்த் தூவுவோம். மூட்டையை வைக்கும் இடம் எப்போதும் நடுத்தரைதான், எடை சமமாக இருக்க வேண்டும் என்பதால். மூட்டை நனையும், சிந்தும், தரையில் கிடக்கும் தண்ணீரோடு குழம்பாகி அங்கேயே நிற்கும். நீறிய சுண்ணாம்பு கரைந்த தண்ணீரின் பி.எச். (அமில, கார அளவு; 7 நடுநிலை) 12 வரை போகும். பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

பண்ணைகளில் ஃபைபர் தெப்பம் பார்த்திருப்பீர்கள். அலுமினியப் பாத்திரத்தில் சுண்ணாம்பு கலக்கக்கூடாது என்று எங்கள் பெரியவர்கள் சொல்லுவார்கள். படகும் அதே உலோகம்தான்.

எண்ணூர் துறை எழுதியது:

கூடூர் நண்பர் சரியாகப் பிடித்தார். கப்பல் பழுது வேலையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று நம்புகிறோம். காற்றுப் பட்டவுடன் அதன் மேல் மெல்லிய ஆக்ஸைடு தோல் உண்டாகிவிடும், அதுதான் காப்பாற்றுகிறது. பி.எச். 4க்கும் 9க்கும் இடையில் அந்தத் தோல் நிலைத்திருக்கும். அதைத் தாண்டிக் காரமோ அமிலமோ போனால் தோல் கரையும், கீழே உள்ள உலோகமும் கரையும். சுண்ணாம்பு செய்தது அதுதான். உப்பில் உள்ள குளோரைடு வேறு வழியில் வேலை செய்யும்: தோலில் பலவீனமான புள்ளியைப் பிடித்துக் குழி தோண்டும். உங்கள் படகின் நடுத்தரையில் இரண்டும் நடந்திருக்கிறது.

பித்தளையும் ஈயமும் வேறு கதை. உப்புத்தண்ணீரில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டு கிடந்தால் அது ஒரு பேட்டரி. அலுமினியம்தான் கரைந்து போகும் பக்கம். செம்பு, பித்தளை, ஈயம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எது பக்கத்தில் இருந்தாலும் தோற்பது அலுமினியமே. தரையில் விழுந்த ஒரு ரூபாய்க் காசு சேற்றுக்கு அடியில் ஒரு பருவம் கிடந்தாலே போதும், தகட்டில் குழி விழுந்துவிடும்.

செய்ய வேண்டியது: நடுத்தரையை நல்ல தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவி, ஸ்டெயின்லெஸ் கம்பி பிரஷ்ஷால் மாவைத் தேய்த்து எடுங்கள். அந்த பிரஷ் வேறு எதற்கும் பயன்படுத்தாததாக இருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு குழியிலும் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்துக் கொஞ்சம் அழுத்துங்கள். எங்கே உள்ளே போகிறதோ, எங்கே தகடு டின் மாதிரி நெளிகிறதோ, அங்கெல்லாம் கோடு போடுங்கள். தகடு கெட்டியாகத் தாங்கும் இடம் வரை போய், அங்கிருந்து இரண்டு அங்குலம் வெளியே தள்ளித்தான், மேலே வைத்து மூடும் ஒட்டுத் தகட்டின் விளிம்பு வர வேண்டும்.

வல்லம்பாக்கம் எழுதியது:

இவ்வளவு வேலைக்குப் பதில் ஆர்கான் வெல்டிங் வைத்துவிட்டால் முடிந்தது. எங்கள் ஊரில் கேட் செய்யும் கடையிலேயே ஆர்கான் இருக்கிறது.

கும்மிடிப்பூண்டி பட்டறை எழுதியது:

தம்பி, இந்த இடத்தில்தான் நிறையப் படகு வீணாகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கேட் கடையில் இருப்பது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கான டிக் (ஆர்கான் வெல்டிங்) மெஷின். பெரும்பாலும் டிசி மட்டும் கொடுக்கும். அலுமினியத்துக்கு ஏசி வேண்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், மேலே இருக்கும் ஆக்ஸைடு தோல் உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். ஏசியில் மின்சாரம் திசை மாறும்போதுதான் அந்தத் தோல் உடைந்து விலகும். டிசியில் வைத்தால் மேலே தோல் நிற்க, கீழே உலோகம் உருகிக் கொட்டும். அதுவும் இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்கை தராது. பளபளவென்று இருக்கும், அடுத்த நொடி ஓட்டை.

ஏசி மெஷின் உள்ளவர்கள் அலாய் வீல், எஞ்சின் பிளாக் ஒட்டுபவர்கள். அவர்களிடம் இருக்கும் வெல்டிங் கம்பி அநேகமாக 4043, சிலிக்கான் கலந்தது. வார்ப்புக்கு அது நல்லது. படகுத் தகடு 5083 மாதிரி மெக்னீசியம் அதிகமான ரகமாக இருந்தால் அந்தக் கம்பி வெல்டிங் ஒட்டை நொறுங்கும் தன்மையாக்கிவிடும். 5356 கம்பிதான் கேட்க வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தாலும் இந்தப் படகின் தரைக்கு நான் வெல்டிங் வைக்க மாட்டேன். 1.6 மி.மீ. தகடு, அதிலும் பாதி அரித்தது, குழிக்குள் உப்பும் சுண்ணாம்பும் ஊறிக் கிடக்கிறது. அதன் மேல் ஆர்க் பட்டால் வெல்டிங் ஒட்டு நுரைத்து ஓட்டை ஓட்டையாக வரும். சூட்டில் தகடு நெளியும். பக்கத்தில் இருக்கும் நல்ல ரிவிட்டுகள் தளரும், அவற்றின் அடியில் உள்ள பழைய சீலன்ட் (கசிவு தடுக்கும் பசை) கருகும். ஒரு கசிவை அடைக்கப் போய் இருபது கசிவு வாங்கி வருவோம்.

ரிவிட்டால் பிறந்த படகை ரிவிட்டாலேயே பார்ப்பது முறை. இந்த வகைப் படகுகளின் வழியே விமானத்திலிருந்து வந்ததுதான். அமெரிக்காவில் போர் விமானம் செய்த க்ரம்மன் கம்பெனி, உலகப் போர் முடிந்த 1945 வாக்கில் அதே தகட்டையும் அதே ரிவிட் கைவேலையையும் வைத்துச் சின்னப் படகு செய்ய ஆரம்பித்தது. அந்தப் படகுகள் இன்றும் ஓடுகின்றன.

நெய்யாற்றுக்காரன் எழுதியது:

அண்ணா, ரிவிட் அடிக்கத் தெரிந்த ஆளுக்கு எங்கே போவது? எங்கள் பக்கம் அப்படி யாருமே கிடையாது. அதனால்தான் ஃபைபர் என்றேன்.

கும்மிடிப்பூண்டி பட்டறை எழுதியது:

பஸ் பாடி கட்டும் பட்டறைக்குப் போங்கள். பஸ்ஸின் பக்கத்தகடு அலுமினியம், அதை ரிவிட் அடித்தே வளர்ந்தவர்கள் அவர்கள். டிங்கரிங் கடையில் டாலி என்று ஒரு இரும்புக்கட்டை வைத்திருப்பார்கள், ஒருவர் பின்னால் அதைப் பிடிக்க, ஒருவர் முன்னால் அடிக்க வேண்டும். அதே வேலைதான். ஒன்று மட்டும் கவனியுங்கள்: ரிவிட் 5000 வரிசை அலுமினியமாக இருக்கட்டும், 5052 அல்லது 5056. இரும்பு ரிவிட்டோ, ஒரே பக்கத்திலிருந்து கருவியால் இழுத்து மாட்டும், நடுவில் இரும்புக் கம்பி உள்ள மலிவான பாப் ரிவிட்டோ வேண்டாம். அந்தக் கம்பித் துண்டு உள்ளேயே தங்கித் துருவேறும்.

கலங்கிக்கரைத் தம்பிக்கு வேலை முறை: மூலையில் கசியும் ரிவிட்டுகளில் தலை பாதியாவது மிச்சம் இருப்பவற்றை எடுக்க வேண்டாம். வெளியே டாலி பிடித்து உள்ளே இரண்டு அடி அடித்தால் இறுகிவிடும். தலை போனவற்றைத் துளையிட்டு எடுத்து, ஓட்டை பெரிதாகியிருந்தால் 4.8 மி.மீ.க்குப் பதில் 6.4 போடுங்கள். ரிவிட்டின் வால், அதாவது அடித்துப் பரப்பும் முனை, தகட்டுக்கு வெளியே ரிவிட் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் பிடிக்காது, கூடினால் வளைந்து சாயும்.

கை நுழையாத இடத்தில் மட்டும் பாப் ரிவிட். அதுவும் முனை மூடிய ரகம். சாதாரண பாப் ரிவிட்டின் நடுவில் துளை இருக்கும், அதுவே ஒரு கசிவு.

நடுத்தரைக்கு 1.6 மி.மீ. 5052 தகட்டில் ஒட்டு. வெளிப்பக்கம் வையுங்கள், உள்ளே வங்கு இடிக்கும். தண்ணீரின் அழுத்தமும் ஒட்டைத் தகட்டோடு சேர்த்தே அழுத்தும். நான்கு மூலையையும் வட்டமாக வெட்டுங்கள், கூர்மூலையில்தான் விரிசல் தொடங்கும். படகின் முன்பக்கத்தை, அணியத்தைப் பார்த்த விளிம்பை அரத்தால் சரிவாக ராவுங்கள், இல்லாவிட்டால் சிப்பி அதில் மாட்டி உரிக்கும். இரண்டு வரிசை ரிவிட், ஒன்றுக்கொன்று இடைவெளியில் மாற்றி மாற்றி, 20 மி.மீ. தூரத்தில். விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே.

சிப்பித்திட்டு எழுதியது:

தகடு எங்கே வாங்குவது என்று சொல்லுங்கள் அண்ணா. இந்தப் பக்கக் கடையில் அலுமினியத் தகடு கேட்டால் பாத்திரத் தகடு எடுத்துக் கொடுக்கிறார்கள்.

கும்மிடிப்பூண்டி பட்டறை எழுதியது:

பாத்திரத் தகடு 1000 வரிசை, மெத்து மெத்து என்றிருக்கும், சிப்பியில் ஒரே உரசலில் கிழியும். கூரைத் தகடு 3000 வரிசை, அதுவும் வேண்டாம். சென்னையில் பாரிமுனையிலும் அம்பத்தூரிலும் உலோகம் விற்பவர்களிடம் 5052 என்று எண் சொல்லிக் கேளுங்கள், முழுத் தகட்டில் மீந்த துண்டு கிடைக்கும். ஆலைச் சான்றிதழின் நகலையும் கேளுங்கள். எண் தெரியாமல் விற்பவரிடம் வாங்காதீர்கள்.

எண்ணூர் துறை எழுதியது:

சீலன்ட் பற்றி யாரும் சொல்லவில்லை. ஒட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் பாலியூரித்தேன் சீலன்ட் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே ரிவிட்டை அடிக்க வேண்டும். மெரைன் ரகம் கிடைக்காவிட்டால் கார் முன்கண்ணாடி ஒட்டுபவர்கள் வைத்திருக்கும் பாலியூரித்தேன் ஆகும். குளியலறைக்குப் பூசும் சிலிக்கான் ஆகாது. வினிகர் வாசனை வருகிற சிலிக்கானில் இறுகும்போது அசிட்டிக் அமிலம் வெளியாகும், அலுமினியத்தை அரிக்கும்.

குழிகளை எபாக்ஸிப் பசையால் நிரப்பலாம். தேய்த்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்து பூசினால் பிடிக்காது, அதற்குள் ஆக்ஸைடு தோல் மறுபடி வந்துவிடும். எபாக்ஸியைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே உப்புத்தாளால் அதன் ஊடாகத் தேய்க்க வேண்டும். காற்றுப் படாமல் புதிய உலோகத்தில் நேரடியாக ஒட்டிக்கொள்ளும்.

எஞ்சின் பலகைக்கு ஐ.எஸ். 710 மெரைன் பிளைவுட் வாங்குவீர்கள். நல்லதுதான், ஆனால் பூச்சி அரிக்காமல் இருக்க அதற்கு மருந்து ஏற்றுவார்கள். அதில் செம்பு உப்பு இருந்தால் ஈரத்தில் கசிந்து தகட்டைத் தின்னும். பலகையின் ஆறு பக்கமும், போல்ட் ஓட்டைகளின் உட்பக்கமும் எபாக்ஸி பூசிவிட்டு மாட்டுங்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கு நைலான் வாஷரும் நைலான் குழலும் போட்டுத் தகட்டைத் தொடாமல் செய்யுங்கள். பித்தளைக் குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு நைலானில் மாற்றுங்கள்.

பெயிண்ட் கடையில் படகு அடிக்குச் சிப்பி ஒட்டாத பெயிண்ட் என்று கொடுத்தால் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். குப்ரஸ் ஆக்ஸைடு என்று இருந்தால் அது செம்பு. மரப்படகுக்கு நல்லது, அலுமினியத்துக்கு நஞ்சு.

கலங்கிக்கரை எழுதியது:

பிராக்கெட் விரிசலுக்கு என்ன செய்வது சார்? மாமா எஞ்சின் இல்லாமல் கழி போட்டே போவேன் என்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை, காற்று எதிராக அடிக்கும் நாளில் திரும்பி வருவது கஷ்டம்.

எண்ணூர் துறை எழுதியது:

பிராக்கெட்டைக் கழற்ற முடியுமென்றால் அதற்கு வெல்டிங் வைக்கலாம். 4 மி.மீ. கனம் இருப்பதாகப் படத்தில் தெரிகிறது, சுத்தம் செய்யலாம், பட்டறையில் மேஜை மேல் வைத்துக் காற்றுப் படாமல் பார்க்கலாம். கரையில் வைத்து வெல்டிங் செய்தால் கடற்காற்று ஒட்டைக் காக்கும் ஆர்கான் வாயுவை அடித்துக்கொண்டு போய்விடும். விரிசல் எங்கே முடிகிறது என்று கண்ணால் தெரியாது. சிவப்புச் சாயம் தெளித்துத் துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழும். அந்த முனையில் 3 மி.மீ. துளை போட்ட பிறகுதான் ஒட்ட வேண்டும். சூடு பட்ட இடம் பழைய பலத்தில் பாதிக்கு வந்துவிடும், குறிப்பாக 6061 ரகமாக இருந்தால். அதனால் பின்னால் ஒரு தாங்குத் தகடு சேர்த்து வையுங்கள்.

சிப்பித்திட்டு எழுதியது:

ஓட்டை அடைப்பது ஒருபக்கம் இருக்கட்டும். இருக்கைக்கு அடியில் மிதவை என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா?

2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். சுற்றிப் பார்க்க வந்த குடும்பங்கள். இந்த ஊரில் யாரும் அதை மறக்கவில்லை. ஆழமில்லாத ஏரிதானே என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

மரம் தானாக மிதக்கும். அலுமினியம் தண்ணீர் நிறைந்தால் நேராகக் கீழே போகும். முன்பு வைத்திருந்தவர் தெர்மகோல் வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள், பெட்ரோல் சிந்தியிருந்தால் கரைந்து பசையாகியிருக்கும். ஃபோம் ஊற்றியிருந்தால் தண்ணீர் குடித்துக் கனத்திருக்கும், அதுவும் தகட்டோடு ஒட்டி ஈரத்தை வைத்துக்கொண்டு அரிக்கும்.

கலங்கிக்கரை எழுதியது:

பார்த்தோம் அண்ணா. பின் இருக்கைக்கு அடியில் ஃபோம். அறுத்து எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் கொட்டுகிறது. முன் இருக்கை வெறும் காலி.

சிப்பித்திட்டு எழுதியது:

நினைத்தேன். எங்கள் பக்கம் செய்வதைச் சொல்கிறேன்: மூடி இறுக்கமான 20 லிட்டர் பிளாஸ்டிக் கேன்கள். ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். படகு 70 கிலோ என்றால் தண்ணீருக்குள் அதன் எடை 45 கிலோதான் வரும். எஞ்சின் ஒரு 30. அதற்கு மேல் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு மிதக்க வேண்டும். எட்டு கேன் வைத்தால் 160 லிட்டர், தைரியமாக இருக்கலாம். இருக்கைக்கு அடியில் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள், கவிழ்ந்தால் உருவிக்கொண்டு போகக்கூடாது. பாதியை இடப்பக்கமும் பாதியை வலப்பக்கமும் ஒதுக்குங்கள். ஃபோம் மாதிரி இல்லை, வேண்டும்போது கழற்றித் தகட்டைக் கழுவலாம். மாமாவுக்கு லைஃப் ஜாக்கெட்டும் வாங்கிக் கொடுங்கள். போட மாட்டேன் என்பார், விடாதீர்கள்.

கலங்கிக்கரை எழுதியது:

வேலை நடக்கிறது, அதனால் எழுதத் தாமதம். கும்மிடிப்பூண்டி அண்ணன் சொன்னபடி பஸ் பாடி வேலை பார்த்த பெரியவர் ஒருவர் கிடைத்தார், நாயுடுபேட்டையிலிருந்து வந்தார். தெலுங்குதான் பேசுவார், மாமா அவரோடு தெலுங்கிலேயே பேசிக்கொண்டு டாலி பிடித்தார்.

முதலில் ஒட்டை வைத்து மூலைக்கு ஒரு சின்ன போல்ட் போட்டு இறுக்கினார். எல்லா ஓட்டையும் போட்டு முடித்ததும், அடிக்கத் தொடங்குவோம் என்று நினைத்தேன். அவர் எல்லா போல்ட்டையும் கழற்றி ஒட்டைப் பிரித்தார். இரண்டு தகட்டிலும் ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பிலும் பெரிய டிரில் முனையை வைத்து விரலாலேயே ஒரு சுற்றுச் சுற்றிப் பிசிறை எடுத்தார். பிசிறு நடுவில் மாட்டினால் தகடு தகட்டோடு உட்காராது, எவ்வளவு சீலன்ட் பூசினாலும் கசியும் என்றார். அந்த வேலைக்கே அரை நாள் போனது. அப்புறம்தான் சீலன்ட், அப்புறம்தான் சுத்தியல்.

அடிக்கும்போது அவர் ரிவிட்டைப் பார்க்கவே இல்லை, சத்தத்தைத்தான் கேட்டார். முதல் அடிகள் தகரம் மாதிரி ஒலித்தன. வால் பரந்து உட்கார்ந்ததும் சத்தம் சட்டென்று மந்தமாகிவிடும், அத்தோடு நிறுத்திவிடுவார். அதற்கு மேல் அடித்தால் ரிவிட் வெடிக்கும், தகடு நீளும் என்றார். சில இடத்தில் மாமா டாலியைச் சாய்த்துப் பிடித்தபோது சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்.

மறுபடி தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். நடுத்தரையில் ஒரு சொட்டும் இல்லை. மூலையில் இரண்டு ரிவிட் மட்டும் வியர்த்தன, அவற்றையும் மாற்றியாகிவிட்டது. பிராக்கெட் வெல்டிங்குக்குப் போயிருக்கிறது.

கடைசிக் கேள்வி. ஆனோட் (படகுக்குப் பதில் தான் கரையும் உலோகக்கட்டி) ஒன்று போடலாமா? கடையில் துத்தநாக ஆனோட் இருக்கிறது. இந்த ஏரிக்கு அது சரிப்படுமா?

எண்ணூர் துறை எழுதியது:

பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பிசிறு எடுக்கும் ஆளிடம் கண்ணை மூடிக்கொண்டு வேலை கொடுக்கலாம்.

ஆனோட் கட்டாயம் போடுங்கள், ஆனால் துத்தநாகம் வேண்டாம். துத்தநாகம் கடலில் நன்றாக வேலை செய்யும். நல்ல தண்ணீரில் அதன் மேல் ஒரு ஓடு கட்டி உறங்கிவிடும், அப்புறம் உப்பு ஏறினாலும் சரியாக எழாது. மெக்னீசியம் நல்ல தண்ணீருக்கு, உப்பில் போட்டால் மிக வேகமாகக் கரைந்து, பெயிண்ட்டையும் உரித்துவிடும். மழையில் நல்ல தண்ணீரும் கோடையில் கடுமையான உப்புமாக மாறும் உங்கள் ஏரிக்கு அலுமினிய ஆனோட்தான் சரி. இண்டியம் சேர்த்த அலாய், படகுத் தகட்டைவிடச் சீக்கிரம் கரையும்படி செய்தது. மீன்பிடித் துறைமுகங்களைச் சுற்றியுள்ள எஞ்சின் பாகக் கடைகளில் கேளுங்கள்.

அமரத்தில், எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும் உயரத்தில் போல்ட் போட்டு மாட்டுங்கள். மாட்டும் இடத்தில் பெயிண்ட் இருக்கக்கூடாது, உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும். ஆனோட்டின் மேலும் பெயிண்ட் அடிக்காதீர்கள், நிறையப் பேர் அழகுக்காக அடித்துவிடுகிறார்கள். பாதி கரைந்ததும் மாற்றுங்கள். விளக்குக்கு பேட்டரி வைத்தால் நெகட்டிவ் ஒயரைப் படகின் உடம்போடு இணைக்க வேண்டாம், இரண்டு ஒயரும் தனியாகப் போகட்டும்.

கும்மிடிப்பூண்டி பட்டறை எழுதியது:

கோடையில் தண்ணீர் வற்றும்போது படகை அங்கேயே சேற்றில் விட்டுவிடாதீர்கள் தம்பி. தண்ணீருக்கு வெளியே ஆனோட்டால் ஒரு பயனும் இல்லை, உப்புச் சேறு அடியில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் தின்னும். கரையேற்றி, நல்ல தண்ணீரால் கழுவி, இரண்டு பனங்கட்டை மேல் கவிழ்த்து வையுங்கள். ஈரச் சாக்கு, வலை எதுவும் மேலே போட வேண்டாம்.

கலங்கிக்கரை எழுதியது:

சரி அண்ணா. மாமா வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் இடம் இருக்கிறது, அங்கேயே வைக்கிறோம். பிராக்கெட் வந்ததும் மாட்டி, பலகைக்கு எபாக்ஸி காய்ந்ததும் ஏரியில் இறக்குவோம். ஈயக்குண்டு போட்டு வைக்க மாமா மூடி உள்ள பிளாஸ்டிக் வாளி ஒன்றை இப்போதே எடுத்து வைத்துவிட்டார்.